முதுகுவலியும் சொல்லாட்சியும்

நோயைக் கண்டறிதல் ஒரு கலை. கண்டறிந்ததை நோயாளிக்கு எடுத்துரைத்தல் மற்றொரு கலை. முன்னதற்குக் கருவிகள் பல உண்டு. பின்னதற்கோ சொல் ஒன்றே கருவி. மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியில் இக்கருவி பலகாலும் பிழைபடக் கையாளப்படுகிறது.

இயன்முறைச் சிகிச்சையாளரிடம் செல்வோர் பலர் இரண்டு சொற்களோடு வீடு திரும்புகின்றனர். ஒன்று 'தேய்மானம்', மற்றொன்று 'விலகல்'. சொல்வோருக்கு இவை எளிய விளக்கங்கள். கேட்போர் நெஞ்சில் இவை வேறு பொருள் கொள்கின்றன. தேய்ந்த செருப்பு, நடக்க நடக்க மேலும் தேயும் அன்றோ? எனவே முதுகுக்கு வேலை கொடுக்கலாகாது என்று நோயாளி முடிவு செய்கிறார். குனிய அஞ்சுகிறார், பேரக் குழந்தையைத் தூக்க அஞ்சுகிறார், சிலர் தொழிலையே விட்டுவிடுகின்றனர். அசைவே மருந்தாக வேண்டிய நோயில், அசைவையே பகையாக்கி விடுகிறது ஒரு சொல்.

நியூசிலாந்து நோயாளிகளிடம் உரையாடிச் செய்யப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, சிகிச்சையாளர் கூறிய சொற்கள் நோயாளியின் எண்ணத்தில் நெடுங்காலம் நிலைத்து நிற்பதை எடுத்துக்காட்டியது.

'டிஸ்க் விலகிவிட்டது' என்பது பொருளளவிலும் பிழையே. அது மேலும் கீழுமுள்ள முள்ளெலும்புகளோடு இறுகப் பிணைந்தது, இடம்விட்டு நழுவுவதன்று. அதன் ஒரு பகுதி பிதுங்குவதுண்டு. அப்பிதுக்கம் நரம்பை அழுத்தி வலி தரலாம் என்பதை அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934ஆம் ஆண்டில் விளக்கினர். ஆயினும் பிதுக்கமெல்லாம் நோயாகாது. முதுகுவலியே இல்லாத 98 பேரைக் காந்தக் கருவியால் படமெடுத்து ஆராய்ந்த 1994ஆம் ஆண்டு ஆய்வில், 52 விழுக்காட்டினரிடம் பிதுக்கம் காணப்பட்டது. ஆதலின் படத்தில் தோன்றும் மாற்றங்கள் பல நரைமுடி போன்றவை. அகவைக்கு அடையாளங்களேயன்றி அழிவுக்கு அடையாளங்கள் அல்ல.

இதனால், "ஒன்றுமில்லை, எல்லாம் மனத்தின் வேலை" என்று கூறி அனுப்புவது சரியாகிவிடுமோ? அதுவும் பிழையே. வலி மெய்யானது. நாட்பட்ட வலியில் நரம்பு மண்டலம் கூருணர்வு பெற்றுச் சிறு அசைவுக்கும் பெரிய எச்சரிக்கை எழுப்பக்கூடும். வலியை மறுக்கும் சொல் நோயாளியைப் பொய்யராக்குகிறது. முதுகைப் பழிக்கும் சொல் அவரை முடவராக்குகிறது.

உண்மையை மறைக்க வேண்டுவதில்லை. சிறுநீரை அடக்க இயலாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல், காய்ச்சல் ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்து தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுமாறு தெளிவாகக் கூறுதல் கடமை. அத்தகைய குறிகள் இல்லாதபோது, "உங்கள் வலி உண்மை, உங்கள் முதுகு வலிமையானது, சிறிது சிறிதாக அசைந்து பழகினால் தீங்கு நேராது" என்பதே மெய்யும் நன்மையும் ஒருங்கே பொருந்திய சொல். அதன்பின், "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று வினவினால், நோயாளி உளங்கொண்டது எது என்பது புலனாகும்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவர், மருத்துவனுக்கும் முன்னே நோயுற்றவனை வைத்தார். சொல்வன்மைக்கும் தனி அதிகாரம் வகுத்தார். இவ்விரண்டையும் இணைத்துக் கற்ற சிகிச்சையாளரிடம், முதல் மருந்து அவர் வாய்ச்சொல்லிலேயே தொடங்கிவிடும்.