சாட்சி

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தம் சபையிலும் பக்கத்துச் சபைகளிலும் வெளியாகும் மாதப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து, சந்திக்கும்போதெல்லாம் ஒரு கட்டு கொடுப்பார். நான் கிறிஸ்தவன் அல்ல. இருந்தாலும் அவற்றை ஒரு வரி விடாமல் படித்து விடுகிறேன். மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்களே என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதைவிட ருசியான படிப்பு நாவல் எழுதுகிறவனுக்கு வேறு கிடையாது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் வயலுமாக இருந்த பூமி. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் தொழிற்சாலை வந்தது. பிறகு கண்ணாடி, செல்போன், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. வேலை தேடித் தெற்கத்திப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களோடு சபைகளும் வந்தன. கடைக்கு மேல் மாடியிலும் தகரக் கொட்டகையிலும் ஆராதனை நடக்கிறது. ஷிப்டுக்குத் தகுந்தபடி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

இந்தப் பத்திரிகைகளில் மூன்று அம்சங்கள் தவறாமல் இருக்கும்: தியானம், உலக நடப்பு, சாட்சி.

தியானத்தில் தமிழ் நன்றாகவே இருக்கிறது. வேதாகமத் தமிழின் ஓசை காதில் ஊறிப்போனவர்களுக்கு வாக்கியம் தானாக வந்து விழுகிறது. குறையெல்லாம் உதாரணங்களில்தான். பனியில் வழி தவறிய பிரயாணி, புயலில் சிக்கிய கப்பல் தலைவன், பெயரில்லாத ஓர் ஐரோப்பிய ராஜா ஆகிய இவர்களே மாதா மாதம் வருகிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து ரோட்டோரத்தில் நிற்கும் பெண் ஒரு தடவைகூட வரவில்லை.

உலக நடப்பில் யுத்தம், பூகம்பம், கொள்ளை நோய் எல்லாம் உண்டு. அவை கடைசிக் காலத்தின் அடையாளங்கள். ஆனால் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் நஞ்சு கலந்து 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதும், பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவில் உட்கார்ந்ததும் இதே வட்டாரத்து விஷயம். 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள், தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்தில் வேலை நிறுத்தம் செய்ததும் அப்படியே. அந்த மாதங்களின் இதழ்களைக் கட்டிலிருந்து தேடி எடுத்துப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. தூரத்தில் நடந்தால் அடையாளம். தெருமுனையில் நடந்தால் அரசியல். இதுதான் இலக்கணம் போலிருக்கிறது. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ரகசியத்தை ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னதாகப் பரம்பரை போற்றும் இராமாநுஜர் பிறந்த ஊரில், இவ்வளவு மெல்லப் பேசுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, சாட்சி. கதாசிரியன் என்ற முறையில் என்னை அதிகம் கவர்ந்ததும் அதிகம் ஏமாற்றியதும் இதுதான். வேலை இல்லை, ஜெபித்தேன், வேலை கிடைத்தது. நோய், ஜெபித்தேன், குணமானது. இந்த ஒரே கதைக்கட்டில்தான் எல்லாம் அமைகின்றன. அவர்களுடைய நன்றியைப் பரிகசிக்க எனக்கு உரிமையில்லை. அது உண்மையான நன்றி. ஆனால் 2006-ல் திறந்து 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலையில் வேலை இழந்தவனும் ஜெபித்துத்தானே இருப்பான்? அவன் கதைக்கு இந்தக் கட்டில் இடமில்லை. லாபத்தில் முடியாத வாழ்க்கைக்குச் சாட்சி சொல்ல வாயில்லை என்று ஆகிவிடுகிறது.

'சாட்சி' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். கோவிலில் சொல்வதற்கு முன்பே அது நம்முடைய கச்சேரிச் சொல். கண்டதைக் கண்டபடி சொல்பவன் சாட்சி. அதனால் தனக்கு லாபமா நஷ்டமா என்பது அவன் விசாரமல்ல. மாயவரத்தில் முன்சீபாக இருந்து ஆயிரம் சாட்சிகளைக் கேட்ட வேதநாயகம் பிள்ளைக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். 1879-ல் நமக்கு முதல் நாவலைத் தந்த அந்தக் கத்தோலிக்கர், தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்ததோடு நிற்கவில்லை. பஞ்சத்தையே கீர்த்தனையாகப் பாடினார். பக்திக்கும் பசிக்கும் அவர் தனித்தனிப் பத்தி ஒதுக்கவில்லை.

இன்னும் அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவில் 1890-ஐ ஒட்டிய வருஷங்களில், ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரும், திருவள்ளூர்ப் பக்கத்தில் வில்லியம் கௌடி என்ற மெதடிஸ்டுப் பாதிரியாரும் ஊழியம் செய்தார்கள். சேரி மக்கள் உழுத நிலம் மட்டுமல்ல, குடிசை நின்ற மனைகூட மிராசுதாரரின் பிடியில் இருந்ததை அவர்கள் கண்டார்கள், கண்டதை எழுதினார்கள். அவர்கள் எழுதியவை பிரசங்கங்கள் மட்டுமல்ல. சர்க்காருக்கும் பத்திரிகைக்கும் எழுதிய மனுக்களும் கட்டுரைகளும் உண்டு. கலெக்டர் டிரெமன்ஹீர் 1891 அக்டோபரில் அந்த மக்களின் நிலையைப் பற்றித் தம் அறிக்கையை எழுதினார். 1892 செப்டம்பரில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். மதம் மாற்றும் ஆசை அந்தப் பாதிரிமார்களுக்கு இல்லாமலில்லை. ஆனால் அந்த எழுத்தில் பனியும் கப்பலும் இல்லை. மனையும் கூலியும் இருந்தன. இந்த மண்ணிலிருந்து பிறந்த சிறந்த கிறிஸ்தவ உரைநடைகளில் ஒன்று மனு என்ற உருவத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே 1891 மே மாதம்தான் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலையைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய போப்பாண்டவர், அதை மனத்தில் வைத்தே பதினான்காம் லியோ என்று பெயர் ஏற்றார். ரோமாபுரிக்கு நினைவிருக்கிறது. ஒரகடத்துக்கு?

இதையெல்லாம் அங்குள்ள போதகர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, வாரம் ஆறு நாள் மெஷின் முன்னால் நிற்கிற பிள்ளைகள். ஏழாம் நாள் இரண்டு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வருகிறார்கள். இங்கேயும் நான் மெஷினைக் காட்டட்டுமா?" என்றார்.

நியாயமான கேள்விதான். இளைப்பாறுதல் சிறிய விஷயமல்ல. ஆனால் அவர் மேஜையில் திறந்திருந்தது திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை. கடைவீதியில் கூலிக்காகக் காத்து நின்றவர்கள், பொழுது சாயும் நேரத்தில் அழைக்கப்பட்டவன், எல்லோருக்கும் ஒரே கூலி, முன்னால் வந்தவர்களின் முணுமுணுப்பு. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று வேறு வேறு சம்பளம் வாங்கும் ஊரில், அதற்கு விளக்கவுரையே வேண்டாமே! மெஷினை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அது வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை மோட்சத்தைப் பற்றி மட்டும் சொன்ன கதையாக்கி, கூலியைத் துடைத்து எடுத்துவிடுவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது.

கட்டின் அடியில் ஒரு பழைய இதழ் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில், காணிக்கைக் கணக்குக்குக் கீழே, அரைப் பக்கச் சாட்சி. எழுதியவள் ஒப்பந்தம் முடிந்து வேலை போன பெண். வேலையோடு விடுதிப் படுக்கையும் போயிற்று. அறைத் தோழி ஒருத்தி தன் சிநேகிதி வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்து, தன் சம்பளத்தில் அரிசியும் வாங்கித் தந்தாள். அந்தத் தோழி வேறு மதத்தவள். இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று எழுதி, தோழிக்காக ஸ்தோத்திரம் சொல்லி முடித்திருந்தாள். குடிசையோடு மனையும் போன பழைய கதையின் மிச்சம் அதில் எனக்குக் கேட்டது. கட்டு முழுவதிலும் நான் இரண்டாம் முறை படித்தது அந்த அரைப் பக்கத்தைத்தான்.

பத்திரிகைகளைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறிய பட்டணம் அது. அதன் ஒரு ஜன்னலையாவது நான் எழுதியிருக்கிறேனா? இல்லை. சாட்சிக் கூண்டு சபைக்கு மட்டும் சொந்தமல்ல. அந்தப் பெண் ஏறிவிட்டாள். நாங்கள் இன்னும் வராந்தாவில்தான் நிற்கிறோம்.