இரவல் பெயரில் ஒரு பாட்டு

கோப்பை கழுவும் எங்களுக்கு இந்தப் பாட்டு நெருக்கமானது. அதன் கதையும் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் தொடங்குகிறது.

1979இல் நியூஜேர்சியின் எங்கிள்வூட் நகரில், பீற்சாக் கடையொன்றில் வேலை செய்தபடியே கசற்றில் ஓடிய றப் வரிகளைக் கூடச் சொல்லிக்கொண்டிருந்தார் ஹென்றி ஜாக்சன். புதிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஆள் தேடிய சில்வியா ரொபின்சன் அவரையும் வேறு இருவரையும் சேர்த்து 'சுகர்ஹில் காங்' ஆக்கினார். 'றப்பர்ஸ் டிலைற்' பிறந்தது.

'சிக்' குழுவின் 'குட் ரைம்ஸ்' பாட்டின் தாளக்கட்டை வாத்தியக்காரர் திரும்பத் திரும்ப வாசிக்க, மூவரும் ஏறத்தாழ 15 நிமிடம் மாறிமாறிச் சொன்னார்கள். அமெரிக்கப் பட்டியலில் 36ஆம் இடம், பிரித்தானியாவில் 3ஆம் இடம். பிறொங்ஸ் தெருக்களின் கலை உலகுக்குக் கேட்டது. வெறும் தற்பெருமைப் பாட்டென்று இதை ஒதுக்கமுடியாது. நண்பன் வீட்டில் வாயில் வைக்கமுடியாத சாப்பாட்டின் முன் மரியாதைக்காகத் தவிக்கும் பகுதியில் நல்லதொரு கதைசொல்லி இருக்கிறான்.

ஆனால், ஜாக்சன் சொன்ன வரிகளிற் பல பிறொங்ஸ் கலைஞர் கிராண்ட்மாஸ்ரர் காஸ் எழுதியவை. 'சிக்' குழுவினர் வழக்குத் தொடுப்போம் என்றதும் நைல் றொட்ஜர்ஸ், பேர்னாட் எட்வேட்ஸ் பெயர்கள் பாட்டில் ஏறின. காஸின் பெயர் ஏறவில்லை.

இரவல் அட்டையில், இன்னொருவர் பெயரில் வேலை செய்தவர்கள் எங்களுள் உண்டு. ஆகவே 2014இல் மறைந்த ஜாக்சனைத் திட்ட மனம் வரவில்லை. உழைத்தவன் பெயர் கணக்கில் ஏறாத வலியும் எங்களுக்குத் தெரியும்.

ஜாக்சன் ஒன்றை மாற்ற மறந்துவிட்டார். காஸின் பட்டப்பெயர் எழுத்தெழுத்தாக இன்னமும் அந்தப் பாட்டுக்குள் ஒலிக்கிறது.