லோ வோல்டேஜ் கித்தார்

சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் வீட்டு டியூப்லைட் கண்ணடித்தால் என்ன செய்வீர்கள்? கரண்ட் ஆபீசைத் திட்டுவீர்கள். ஃபிரிட்ஜ் போய்விடுமோ என்று ஸ்டெபிலைசரை எட்டிப் பார்ப்பீர்கள். 'காசு தருகிறேன், வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்' என்று மட்டும் கேட்க மாட்டீர்கள். அப்படிக் கேட்கிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. எல்லோர் கையிலும் எலெக்ட்ரிக் கித்தார்!

அந்தக் கூட்டத்தில் ஒருவனை நான் சந்தித்தது ஓவேலியில். கூடலூரை ஒட்டிய தேயிலைப் பள்ளத்தாக்கு. இங்கே காபி போட்ட ஆக்டர்லோனி துரையின் பெயர்தான் சுருங்கி ஓவேலி ஆயிற்றாம். (யாரோ வேலி போட்டதால் வந்த பெயர் என்று அதுவரை நினைத்திருந்தேன். மன்னிக்க.) லைன் வீடு. பையனுக்கு இருபத்து மூன்று வயது. கோயம்புத்தூரில் செல்போன் கடை வேலை. ஊருக்கு வந்தால் சர்ச்சில் கித்தார்.

"சார், நீங்க பாட்டு பத்தியெல்லாம் எழுதறீங்கல்ல, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தான். கையில் 38,000 ரூபாய் சேர்த்திருக்கிறான். அதற்கு ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்க வேண்டும். பழைய ராக் இசைக்காரர்களின் ஆம்ப்ளிஃபயர்கள் அத்தனையும் அதற்குள் அடக்கம். "வேன் ஹேலன் டோன் அப்படியே வரும் சார்." செல்போனில் படம் காட்டினான். அதில் 'வேரியாக்' என்று ஒரு திருகு. அதைக் குறைத்தால், பெட்டிக்குள் இருக்கும் கற்பனை ஆம்ப்புக்குக் கற்பனை வோல்டேஜ் குறையும். அவன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலிருந்த நிஜ பல்பு மங்கியது. இருவருமே சிரித்துவிட்டோம்.

இந்த 'டோன்' என்பது என்ன? ஆடி மாசம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரியைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? மைக் செட்காரர் வால்யூமை முழுசாகத் திருகியதும் குரலில் ஒரு கரகரப்பு ஏறும். ஆம்ப் தன் சக்திக்கு மேல் உழைக்கிறது. ஒலி அலையின் உச்சி மழுங்கி, மூலத்தில் இல்லாத புதுச் சுரங்கள் கிளம்புகின்றன. பொறியியல் கணக்கில் அது பழுது. வால்வு ஆம்ப்பில் இந்தப் பழுது மெல்ல மெல்ல, இனிமையாக வரும். கித்தார்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்தே அந்தக் கரகரப்பை வரவழைத்தார். நான் பி.காம். ஆசாமி. நஷ்டத்தை லாபக் கணக்கில் எழுதி ஜெயித்த தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எட்டி வேன் ஹேலன் கதையும் அதேதான். அவரிடம் இருந்தது நூறு வாட் மார்ஷல் ஆம்ப். முழுசாகத் திருகினால்தான் நல்ல சத்தம். திருகினால் காது போய்விடும். எனவே வேரியாக் என்ற கருவியை நடுவில் போட்டு, அமெரிக்க வீட்டு மின்சாரத்தைத் தொண்ணூறு வோல்ட் அளவுக்கு இறக்கினார். நம் ஸ்டெபிலைசருக்கு நேர் எதிர் வேலை! அப்படிப் பழகிய சத்தம்தான் 1978இல் வந்த முதல் ஆல்பத்தில் உலகத்தை உலுக்கியது. ஆரம்பத்தில் பேட்டிகளில் வோல்டேஜை ஏற்றியதாகக் கதை விட்டார். அதை நம்பியவர்களின் ஆம்ப் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த மார்ஷல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. லண்டன் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் என்கிற டிரம் வாத்தியார் கடை வைத்திருந்தார். கித்தார்காரர்கள் கேட்டது அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப். விலையோ கட்டுப்படியாகாது. கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இருவரை வைத்து ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டைப் பார்த்தே 1962இல் சொந்தமாக ஒன்று செய்யவைத்தார். பச்சையான காப்பி. ஆனால் அமெரிக்க உதிரிப் பாகங்களுக்கு எங்கே போவது? கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், கிடைத்த ஸ்பீக்கர். காப்பி சரியாக வரவில்லை. வேறு மாதிரி முரட்டுத்தனமாக உறுமியது. அந்த 'சரியாக வராதது'தான் பிற்பாடு மார்ஷல் சத்தம் ஆயிற்று. ஹெண்ட்ரிக்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆக, டோனைத் துரத்துவது தப்பே இல்லை. மார்ஷலே துரத்தியவர்தான். நாங்கள் ஹாஸ்டலில் 'பயணங்கள் முடிவதில்லை' படத்து இளைய நிலாவை ஒரு ஓட்டைக் கித்தாரில் துரத்தினோம். சந்திரசேகர் என்ன கித்தார் வாசித்தார் என்று ஒருவனும் கேட்டதில்லை. அவர் விரல் எங்கே போகிறது என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொருவனும் ஒவ்வொரு விதமாகத் தோற்றான். அந்த விதம்தான் அவனவன் வாசிப்பு.

புதுப் பெட்டிகள்மேல் எனக்குள்ள புகார் இதுதான். அவை மட்டம் என்று சொல்ல வரவில்லை. கண்ணை மூடிக் கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அநேகமாக உங்களுக்கும் தெரியாது. அவை ரொம்ப நன்றாகக் காப்பி அடிக்கின்றன. தோற்க இடமே கொடுப்பதில்லை. அடுத்தவன் பட்ட அவஸ்தையின் பலன் பளபளவென்று கைக்கு வந்துவிடுகிறது; நம் அவஸ்தை அப்படியே கவனிக்கப்படாமல் கிடக்கிறது.

நம் சரக்கை நாம் கவனிக்காததற்கு இன்னோர் உதாரணம். குவீன் குழுவின் பிரையன் மே வாசிக்கும் வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப்பில் இ.எல்.84 என்று நான்கு வால்வுகள். அதே ரக வால்வை ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. ரேடியோப் பெட்டியோடு நாம் காயலான் கடையில் போட்ட சரக்கு. இன்று வெளிநாட்டில் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

உடனே, 'லோ வோல்டேஜும் நல்லதுதான்' என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்த லைன் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் மேல் சரிவில் சில வீடுகள் இருட்டாக இருந்தன. 1969ஆம் வருடத்து ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், அதன் 17ஆம் பிரிவு, தீராத நில வழக்கு. அந்த நிலங்களில் குடியிருக்கும் பலருக்கு வருஷக்கணக்காக மின் இணைப்பே எட்டாக்கனி. வோல்டேஜை இறக்கியது வேன் ஹேலனின் இஷ்டம். நினைத்தால் ஏற்றிக்கொள்ளலாம். இவர்களுக்கு அந்தத் திருகு கையில் இல்லை. இதைக் கலை என்று வர்ணித்தால் நாக்கு வெந்துவிடும்.

பையனிடம், "இப்ப இருக்கிற ஆம்ப்ல வாசி பார்க்கலாம்" என்றேன். பத்து வாட் டிரான்சிஸ்டர் பெட்டி. "வேணாம் சார், எருமை தும்மின மாதிரி இருக்கும்" என்று கூச்சப்பட்டான். வாசித்தான். வேன் ஹேலன் வரவில்லை. நடுவில், யோசிக்கிற மாதிரி, வேறு ஏதோ வாசித்தான். மெல்லிய கம்பிகளில் மட்டும், உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி. தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி.

"அது என்னப்பா?"

"அது ஒண்ணுமில்ல சார். தடிக் கம்பியைத் தொட்டா இந்த ஸ்பீக்கர் அலறுது. அதனால மேலயே அமுக்கி வாசிச்சுப் பழகிட்டேன்."

நான் சொன்னது இவ்வளவுதான்: "உன் காசு, பெட்டி வாங்கிக்கோ. வாங்குறதுக்கு முன்னாடி அந்த 'ஒண்ணுமில்ல'யைப் பதிவு பண்ணி வை."

போன வாரம் போன் பண்ணினான். வாங்கிவிட்டானாம். "வேன் ஹேலன் அப்படியே வருது சார்!" சந்தோஷம். "சரி, அந்த ஒண்ணுமில்ல என்னாச்சு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எந்த ஆம்ப் வச்சாலும் அது மட்டும் வர மாட்டேங்குது சார். பழைய பெட்டியைச் சித்தி பையனுக்குக் குடுத்துட்டேன்... திருப்பிக் கேக்கணும்."