கட்டுரை மதிப்பீட்டில் பிழையும் பொருளும்

மாணவர் கட்டுரை ஒன்றை ‘நன்று’ எனக் கூறும் ஆசிரியர் உண்மையில் எதனை மதிப்பிடுகிறார் என்பது ஆராயத்தக்கது. 1961இல் பால் டீடரிக்கும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவில் நிகழ்த்திய ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கல்லூரி முதலாண்டு மாணவரின் 300 கட்டுரைகளை ஆசிரியர், எழுத்தாளர், வழக்கறிஞர் உள்ளிட்ட 53 பேர் ஒன்பது படிநிலைகளில் தரப்படுத்தினர். ஐந்திற்கும் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றேனும் இல்லை. கருத்து, பிழையின்மை, அமைப்பு, சொல்லாட்சி, எழுதுவோரின் தனித்தன்மை என மதிப்பீட்டாளர்தம் நோக்கு ஐவகையாகப் பிரிந்தது.

தமிழ் வகுப்பறையில் இவ்வைந்தனுள் பிழையின்மையே பெரிதும் மேலோங்குகிறது. இரட்டை வழக்குச் சூழலில் இதன் விளைவு கடுமையானது. எடுத்துக்காட்டாக, பின்வரும் இரு பகுதிகளை ஒப்பிடலாம்:

(1) ஏரி மனித வாழ்விற்கு இன்றியமையாத நீர் ஆதாரமாகத் திகழ்கிறது.

(2) எங்கள் ஏரி சித்திரையில் வத்திடும். அப்போ சேத்துல கையால மீன் புடிப்போம்.

முதலாவதில் திருத்துவதற்கு ஏதுமில்லை. ஆயினும் ‘ஏரி’ என்னுமிடத்தில் ‘ஆறு’ என அமைப்பினும் அத்தொடர் மாறாது நிற்கும். ஏரியைக் காணாதவரும் அதனை எழுதலாம். இரண்டாவதில் சிவப்பு மை ஐந்து சொற்களின்மீது படியும். ஆனால் காலம், இடம், செயல் ஆகியவற்றை அதுவே தருகிறது.

அவ்வைந்து சொற்களும் ஐந்து தனித்தனிப் பிழைகளல்ல. ‘வத்திடும்’, ‘சேத்துல’ ஆகிய இரண்டிலும் றகர இரட்டிப்பு தகர இரட்டிப்பாகும் ஒரே விதி செயற்படுகிறது. ‘புடிப்போம்’ என்பதில் இதழொலிக்கும் நாவளை ஒலிக்கும் இடைப்பட்ட இகரம் உகரமாயிற்று. ‘சேத்துல’, ‘கையால’, ‘அப்போ’ ஆகியவற்றில் சொல்லிறுதி மாறிற்று. மாணவர் விதியின்றி எழுதவில்லை; பேச்சு வழக்கின் விதிகளை எழுத்திற்குக் கொணர்ந்துள்ளார். நியூயார்க்கு மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஆராய்ந்த மினா ஷானஸியும் 1977இல் வெளியிட்ட நூலில், பிழைகளுக்கு உள்ளொழுங்கு உண்டு என நிறுவினார்.

எழுத்து வழக்கைக் கற்பித்தல் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அதனைக் கல்லாதவர்க்கு உயர்கல்வியும் அலுவலும் எட்டா. ஆனால் வீட்டில் எழுத்து வழக்கைக் கேளாத முதல் தலைமுறை மாணவர், சொல்லுக்கொரு மதிப்பெண் இழப்பாராயின், விரைவில் முதல்வகைத் தொடருக்கே ஒதுங்குவர். பிழை குறையும், கூடவே பொருளும் மறையும்.

எனவே கட்டுரையை இருமுறை படித்தல் தகும். முதற்கண் பொருளுக்கும் அமைப்பிற்கும் தனியே மதிப்பெண் அளித்து, பின்னர்ப் பிழைகளைச் சொல்லளவில் எண்ணாது விதியளவில் தொகுத்துக் காட்டலாம். மொழிபெயர்ப்புப் பயிற்சித் தாள்களை மதிப்பிடுவோர்க்கும் இது பொருந்தும். வழுவற்ற தொடரெல்லாம் மூலத்தின் பொருளைத் தந்துவிடுவதில்லை.