நாற்கோண எழுத்தும் நம் கண்ணும்

எழுத்துக்குக் கடமைகள் இரண்டு. ஒன்று, கண்ணைக் கவர்தல். மற்றொன்று, பொருளைக் கருத்திற் சேர்த்தல். இவ்விரண்டும் முரண்படுங்கால் எதனைக் கைவிடுவது என்னும் வினாவை, நெதர்லாந்து நாட்டு வடிவமைப்பாளர் விம் க்ரௌவெல் 1967இல் வெளியிட்ட ‘நியூ ஆல்ஃபபெட்’ என்னும் எழுத்துரு நம் முன் வைக்கிறது.

அக்காலத்தில் புதிதாய் வந்த மின்னணு அச்சுக்கோப்புப் பொறிகள் எழுத்தைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் ஒளித்திரையில் வரைந்தன. பழைய எழுத்தின் வளைவுகள் அவற்றில் படிக்கட்டுகளாய்ச் சிதைந்தன. பொறிக்கு இயலாததை எழுத்தே துறக்கட்டும் என்று துணிந்தார் க்ரௌவெல். வளைவை நீக்கினார், நெடுக்கும் கிடையுமான கோடுகளையே கொண்டார், மூலைகளை மட்டும் சற்றே சரித்தார். ‘எம்’ எழுத்து, ‘என்’ எழுத்தின் அடியில் ஒரு கோடு பெற்றதாயிற்று. ஒழுங்கு கிட்டியது, ஆனால், எழுத்துக்களை இனங்காணப் பழகிய கண்ணும் தடுமாறியது. அதே ஆண்டில் ஹெரார்ட் உங்கர் என்பார் மாற்று முன்மொழிவொன்றை வெளியிட்டு மறுத்தார். தம்முடையது ஒரு கோட்பாட்டுச் சோதனையே என்று க்ரௌவெலும் கூறினார்.

நேர்கோட்டெழுத்து இஸ்லாமிய உலகுக்குப் புதிதன்று. இஸ்ஃபஹான் ஜும்ஆப் பள்ளியின் சுவர்களில் செங்கல்லும் ஓடும் பதித்து அமைத்த சதுரக் கூஃபி எழுத்தும் வளைவற்றதே. எளிதில் படிக்க இயலாததே. எனினும் அதனை எவரும் குறை கூறார். ஏன்? அங்கே பொறித்திருப்பவை இறைவனின் திருநாமமும் நபிகளாரின் பெயரும் போன்றவை. காண்பவர் நெஞ்சில் அச்சொற்கள் முன்னரே உள்ளன. அவர் படிப்பதில்லை, அடையாளம் காண்கிறார். செய்தித்தாளையோ மருந்துக் குறிப்பையோ அவ்வெழுத்தில் தந்தால் யார் பொறுப்பார்?

இதுவே நாம் கொள்ளும் அளவுகோல். க்ரௌவெலின் எழுத்தும் தனக்குரிய இடத்தை அலங்காரத்தில்தான் கண்டது. 1988இல் ஜாய் டிவிஷன் என்னும் ஆங்கில இசைக்குழுவின் தொகுப்பிற்கு மேலட்டை எழுத்தாய் அது மாற்றி அமைக்கப்பட்டது. 2011இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் அதனைத் தன் சேகரத்தில் ஏற்றது.

கணிதம் எழுத்துக்குப் பகையன்று. ஹிஜ்ரி 328இல் மறைந்த பக்தாத் அமைச்சர் இப்னு முக்லாவும் எழுத்தைக் கணிதத்தால் அளந்தவரே. ஆயினும் அவருடைய அளவை, எழுதுகோலின் நுனி தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளி. அஃது எழுதும் கையிலிருந்து பிறந்தது. க்ரௌவெலின் அளவையோ அன்றைய பொறியின் இயலாமையிலிருந்து பிறந்தது. அவ்வியலாமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1984இல் வந்த ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ முறை வளைவுகளையே கணிதச் சமன்பாடுகளாக்கிப் பொறிக்குப் புகட்டிற்று.

பொறி தன் குறையைத் தானே களைந்துகொண்டது. அதற்காக எழுத்து செய்த தியாகமோ வீணாயிற்று. எனவே, இத்தகைய எழுத்தை மேலட்டையிலும் பெயர்ப்பலகையிலும் கண்டு மகிழ்வோம். ஒரு குழந்தை முதன்முதல் படிக்கும் பக்கத்தில் மட்டும் அதனை அனுமதியோம்.