மூன்று ஊர், மூன்று பண்

பாடி, வடதிருமுல்லைவாயில், திருவேற்காடு மூன்றும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிவாசிகள் அன்றாடம் பேருந்தில் கடந்துபோகும் ஊர்கள். ஓதுவார் வாயில் அவை மூன்று பண்கள். பாடியாகிய திருவலிதாயத்துக்குச் சம்பந்தர் பாடியது நட்டபாடை. முதல் திருமுறையின் மூன்றாம் பதிகம். வேற்காட்டுக்கு அவரே பாடியது பழந்தக்கராகம். முல்லைவாயிலுக்குச் சுந்தரர் பாடியது தக்கேசி. முதலும் கடைசியும் பகற்பண், பழந்தக்கராகம் இராப்பண். காலையில் பாடியில் தொடங்கி, முல்லைவாயில் கண்டு, விளக்கு வைத்தபின் வேற்காட்டை அடைந்தால் பொழுதும் பண்ணும் பொருந்திவிடும்.

இந்தத் தேவார இசையைக் காத்த வழிகளும் மூன்று. மடத்து வழி மூத்தது. தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் மரபுகளில் குரு பாட, மாணவர் திருப்பிப் பாடிக் கற்றார்கள். தருமபுரம் ப. சுவாமிநாதன் குரல் அந்த வழியை ஒலிப்பதிவுகளால் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அடுத்தது மேடை வழி. 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்த காலத்தில், எம். எம். தண்டபாணி தேசிகர் போன்றோர் தேவாரத்தைக் கச்சேரியில் கம்பீரமாக நிறுத்தினர்.

மூன்றாவது ஆராய்ச்சி வழி. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) ஆகியவற்றுக்குப் பின் அதில் நடந்தவர் குடந்தை ப. சுந்தரேசனார் (1914–1981). ஏட்டில் கிடந்த இலக்கணத்தை ஊர் ஊராகப் போய், கைத்தாளம் தட்டிப் பாடிக்காட்டியே விளக்கினார். சிலம்பும் பரிபாடலும் தேவாரமும் அவருக்கு ஒரே இசையின் தொடர்ச்சி. ‘முதல் ஐந்திசைப் பண்கள்’ என்றொரு நூலும் எழுதினார். நட்டபாடையை இன்று கம்பீரநாட்டையிலும், பழந்தக்கராகத்தைச் சுத்தசாவேரியிலும் பாடுகிறோம். இரண்டுக்கும் ஐந்தே சுரம். அவர் காட்டிய ஐந்திசை நம் தெருக்கோடியிலேயே ஒலிக்கிறது.

மூன்று வழிக்கும் உரைகல் ஒன்றுதான். தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடினாலும், தாளத்தோடு பண்ணாங்கமாகப் பாடினாலும் பாட்டின் சீரளவாகிய கட்டளை கெடக்கூடாது, சொல் சிதையக்கூடாது. தக்கேசியைக் காம்போதியில் பாடுகிறவருக்கு இங்கேதான் சோதனை. காம்போதி விரியத் தொடங்கினால் சுந்தரர் பின்னால் போய்விடுவார்.

அதற்கு நல்ல காவல், கூடிப் பாடுவது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க இராசராசன் அமர்த்தியவர்கள் 48 பேர். உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க மேலும் இருவர். ஐம்பது பேர் கூடிய இடத்தில் ஒருவர் தனியே சங்கதி போட முடியாது. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கவேண்டும். அந்த இடத்தைப் பாட்டின் அடியே சொல்லிவிடும். நம் மூன்று கோயில்களிலும் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து அவரவர் ஊர்ப் பதிகத்தை அப்படிப் பழகட்டும். வித்துவான்கள் பிறகு வரலாம்.