'தயக்கம்' என்னும் சொல்: தடுப்பூசியும் கம்பம் பள்ளத்தாக்கின் கூலியும்

கொரோனாக் காலத்தைப் பற்றிய பேச்சில் கேள்வியே இல்லாமல் புழங்கிவிட்ட சொல் 'தடுப்பூசித் தயக்கம்'. யார் தயங்கினார்கள்? கிராமத்தார், கூலிகள், பழங்குடியினர், படிக்காத பெண்கள். தயக்கத்தைத் தீர்க்க வந்தவர்கள் யார்? படித்த நாம். இந்தப் பாகுபாடு ஒன்றே இச்சொல்லைச் சந்தேகிக்கப் போதுமானது.

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2014இல் இதற்கு ஒரு வரையறை தந்தது. தடுப்பூசிச் சேவை கிடைத்தும் அதை ஏற்கத் தாமதிப்பது அல்லது மறுப்பது என்பது அதன் சாரம். 'கிடைத்தும்' என்னும் நிபந்தனை இங்கே முக்கியம். காரணங்களில் ஒன்றாக வசதியையும் அக்குழு குறிப்பிட்டிருந்தது. ஆனால் நம் சொல்லாடலுக்குள் வந்தபோது நிபந்தனை உதிர்ந்துபோய், மனக்கோளாறு மட்டும் மிஞ்சியது. பொருளாதாரம் உளவியலாக மாற்றப்பட்டது.

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் விடியுமுன் ஜீப்பில் ஏறும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும்போது வீடு திரும்புகிறவர்கள். நிலமில்லாத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தலித் பெண்கள் கணிசம். 2021 ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஊசி 'கிடைத்தது'. ஆனால் சுகாதார நிலையத்தில் பகலில் கிடைக்கிற ஊசி, பகலெல்லாம் மலையில் இருப்பவளுக்குக் கிடைத்ததாகுமா? "ஊசி போட்டா ரெண்டு நா காச்சல்ல படுக்கணும்ங்கிறாக. அந்தக் கூலிய யாரு குடுக்குறது?" என்கிற பேச்சை மூடநம்பிக்கை என்று எப்படி வாசிப்பது? அது கணக்கு. நாள் தவறினால் ஜீப்பில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பதும் அக்கணக்கில் சேர்ந்தது.

2021 மே 1இல் 18 முதல் 44 வயதினருக்குக் கதவு திறந்தபோது கோவின் இணையதளத்தில் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஊசிக்கு முன் செல்போனும் இணையமும் வேண்டியிருந்தன. ஜூன் தொடக்கத்தில் பிற இந்திய மொழிகள் அத்தளத்தில் சேர்ந்தபோது தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகே வந்தது. இந்த எண்மப் பிளவை உச்சநீதிமன்றமே மே 31 ஆணையில் சுட்டிக்காட்டியது. மறுபக்கம், தயாரிப்பில் 25 விழுக்காடு வரை தனியார் மருத்துவமனைகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஜூனில் அங்கே கோவிஷீல்டு ஒரு தவணைக்கு உச்ச விலை 780 ரூபாய், கோவாக்சின் 1410 ரூபாய். காசுள்ளவனுக்கு வரிசை கிடையாது.

பயமே இல்லை என்று சொல்லவில்லை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15இல் ஊசி போட்டுக்கொண்டு 17இல் மாரடைப்பால் இறந்தபோது கிளம்பிய பயம் உண்மையானது. மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் மற்ற நாட்களில் தன் வாசலை எட்டிப் பார்க்காத அதிகாரம் ஊசியோடு மட்டும் வரும்போது, அது சொல்வதை ஒருத்தி உடனே நம்ப வேண்டும் என்று எந்த உரிமையில் எதிர்பார்க்கிறோம்? நம்பிக்கையின்மைக்கும் வரலாறு உண்டு.

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழகமெங்கும் முதல் மெகா முகாம் நடந்தது. இலக்கு 20 லட்சம். போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் பகுத்தறிவு வந்துவிட்டதா என்ன? ஊசி வரத்து கூடியது. விடுமுறை நாளில், வீட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள். வரையறையிலிருந்து நாம் உதிர்த்த 'கிடைத்தும்' அன்றுதான் ஓரளவு நிறைவேறியது.

இதற்குள் எல்லையில் வேறொன்று நடந்திருந்தது. ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருவோரிடம் இரு தவணைச் சான்றிதழ் அல்லது தொற்றில்லாச் சான்று கேட்கப்பட்டது. மலைக்கு அப்பால் பிழைப்பு நடத்தும் பள்ளத்தாக்கில், உடலைக் காக்க வந்த ஊசி நடமாட்டத்தை அளக்கும் தாளாகவும் ஆனது. கூலி போகும் என்று ஊசியைத் தள்ளிப்போட்டவளை, கூலி போகும் என்ற பயமே ஊசிக்குத் தள்ளும் நிலை. இரண்டு சமயத்திலும் அவள் முடிவைத் தீர்மானித்தது மனமல்ல, பிழைப்பு.

தடுப்பூசி உயிர் காத்தது. அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. அதனால்தான் யாருக்கு அது தாமதமாக வந்தது, ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஊசி இலவசம் என்றார்கள். காய்ச்சலில் படுத்த நாளின் கூலியை யாரும் பேசவில்லை. அடுத்த கொள்ளைநோயின்போது விழிப்புணர்வு நாடகம் போடக் கிளம்பும் தோழர்கள், அந்த ஒருநாள் கூலிக்கான கோரிக்கையையும் சேர்த்து எடுத்துப்போகட்டும்.